ஒரே மிஷினில் நாலு கை

11-2-2024, ஞாயிறு

இந்த டைரி நூல் மில்லில் கொடுத்தது. திருப்பூரிலேயே பத்துப் பேருக்குத்தான் கொடுத்தார்கள், அதில் ஒருத்தன் இந்தப் பெருமாள்சாமி. (ஒரு நூறு பேர் இருக்கும். எனக்கும் கொடுத்தார்கள் என்பது உண்மை.) படித்தது ஏழாவது. ஆனால் என் கையெழுத்தைப் பார்த்த வாத்தியார், இவன் கலெக்டர் ஆபீசில் உட்கார வேண்டியவன் என்று என் அப்பாவிடம் சொல்லி அழுதார். அழவில்லை. சொன்னார்.

இன்று மண்டபத்தில் கல்யாண விருந்து. மருதாள் அக்காளும் திருமூர்த்தி மச்சானும் எனக்கு எதிர்ப் பந்தியில். அவர்களுக்குக் கல்யாணமாகி ஐம்பது வருஷம். அக்காள் எப்போதும் போல அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்து, குனிந்து குனிந்து என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள். காது கொடுத்தேன். எனக்குப் பாம்புக் காது.

“உப்புக்குப் பக்கத்துல மைசூர்பாவுங்க. அதுக்கு இக்கட்டால, உங்க பக்கமா, பீன்ஸ் பொரியல். ரசம் வருது, குழி பண்ணுங்க.”

பக்கத்து இலைக்காரர் விடவில்லை. “ஏனுங் மாமா, அம்பது வருசத்துல ஊட்டி உடறது ஒண்ணுதான் பாக்கியாட்டிருக்குது!”

“அதைய அறுபதாவது வருசத்துக்கு வெச்சிருக்கறமுங்க” என்றாள் அக்காள். பந்தியே சிரித்தது. எல்லாரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன்.

ஆனால் மச்சானின் கை தண்ணீர் டம்ளரைத் தேடியது. டம்ளர் இலை ஓரத்திலேயே இருந்தது.

13-2-2024, செவ்வாய்

ரோட்டுக்கு அந்தப் பக்கம் மச்சான் போனார். கை காட்டினேன். பார்க்காமல் போய்விட்டார். என்மேல் என்ன கோபம்? நான் பேக்கிங் செய்த பெட்டியைப் பார்த்து ஜெர்மன்காரன் என் கையைப் பிடித்து அழுத கதையை நாலாவது தடவை சொன்னதாலா?

15-2-2024, வியாழன்

கேட்டே விட்டேன். மச்சான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“வா மாப்ளே. இன்னொரு சேர் எங்க கெடக்குதுன்னு நீயே பாத்து உக்காந்துக்க. எனக்குத் தெரியாது.” சொல்லிவிட்டுச் சிரித்தார்.

வலது கண் சுத்தமாகப் போய்விட்டது. இடது கண்ணில், நூல் கோனுக்குள் இருக்குமே அட்டைக் குழல், அதன் வழியாகப் பார்ப்பது போல ஒரு வட்டம் மட்டும் தெரிகிறதாம். அந்த வட்டத்திலும் நிறம் வெளுத்துவிட்டது. கண்ணுக்குள் பிரஷர். போனது திரும்பாது, மிச்சத்தை மருந்து விட்டுக் காப்பாற்றலாம் என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. இரண்டு வருஷமாக அக்காள்தான் அவருக்குக் கண். கூடப் பிறந்த எனக்கே தெரியாது! பாம்புக் காது இருந்து என்ன?

“மகுடேசனுக்குச் சொன்னா என்னுங் மச்சான்?” மகுடேஸ்வரன் அவர்கள் மகன்.

“சொன்னா அன்னைக்கே என்னையக் கொண்டுபோயி ஒரு மூலையில உக்கார வெச்சுப் போடுவான். பாசமாத்தான் வெப்பான். ஆனா மூலை மூலைதானே மாப்ளே.”

அக்காள் காபியோடு வந்தாள். “பெருமாளு, ஒன் வாய் ஊர் வாய். இதைய ஆருகிட்டயும் சொல்லப்படாது” என்று கையை நீட்டினாள். அண்ணமார்சாமி மேல் அடித்துச் சத்தியம் செய்தேன்.

என் வாயில் எதுவும் தங்காது. இது தங்க வேண்டும்.

18-2-2024, ஞாயிறு

அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவர்கள் கதையை எழுதி வைக்க என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

கொமரலிங்கத்தில் கல்யாணம். அன்றைக்கு அமராவதியில் வெள்ளம். மச்சான் நீந்தி வந்து ஈரவேட்டியோடு தாலி கட்டினார். (வண்டியில்தான் வந்தார். ஆனால் மழை. வேட்டி ஈரம்.)

முதல் குழந்தை பிறந்து நாலாம் நாள் போய்விட்டது. இதில் எனக்குக் கதை எதுவும் கிடையாது. ஆண்கள் எல்லாரும் வெளியே இருந்தார்கள். மச்சான் மட்டும் உள்ளே போய் அக்காளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பெரியவர்கள் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை.

பிறகு கிணறு வறண்டது. அவர்களைத் திருப்பூருக்குக் கொண்டுவந்ததே நான்தான். (அவர்கள் பஸ் ஏறியபோது நானும் ஏறினேன்.) பனியன் கம்பெனியில் மச்சான் ஓவர்லாக் டெய்லர். அக்காள் அவருக்குக் கைமடி. அதாவது துணியை ஜோடி சேர்த்து எடுத்துக் கொடுத்து, தைத்து வருவதை வாங்கி, நூலைக் கத்தரித்து மடித்து வைக்கிற ஆள். முப்பத்தோரு வருஷம் ஒரே மிஷினில் நாலு கை. மிஷின் சத்தத்தில் வாய்ப்பேச்சு கேட்காது, துணியை இழுத்துத்தான் பேச்சு. ஒரு இழுப்பு என்றால் மெதுவாக. இரண்டு என்றால் நூல் அறுந்தது. நீளமாக ஒரு இழுப்பு என்றால் என்ன அர்த்தம் என்று ஒரு தடவை கேட்டேன். அக்காள் முகம் சிவந்து, “ஒன் வேலையப் பாருடா” என்றாள்.

ஒரு தடவை சூப்பர்வைசர் இரண்டு பேரையும் வேறு வேறு மிஷினுக்கு மாற்றினார். இரண்டே நாள். மச்சான் தைத்ததில் பாதி டேமேஜ். முதலாளியே வீட்டு வாசலில் கார் கொண்டுவந்து நிறுத்தி, “அம்மிணி, வந்து அந்த மிஷின்ல நில்லு” என்று கேட்டுக்கொண்டார். கார் இல்லை, ஸ்கூட்டர். முதலாளி இல்லை, அதே சூப்பர்வைசர். ஆனால் வந்தார். நான் பார்த்தேன்.

22-2-2024, வியாழன்

சோமனூரிலிருந்து போன். மச்சானின் மகள் கோகிலவாணி பாட்டியாகிவிட்டாள்; பிரசவத்துக்கு வந்திருந்த அவள் மகளுக்குப் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். தெருவுக்கே லட்டு கொடுத்தேன். எங்கள் சந்துக்கு.

25-2-2024, ஞாயிறு

தலையில் இடி.

கோகிலவாணியின் மாமியார் இடுப்பு ஒடிந்து படுக்கையில். கோகிலவாணி தறிக்குடோனையும் பார்த்து, மாமியாரையும் பார்த்து, பச்சைக் குழந்தையையும் எப்படிப் பார்ப்பாள்? “அம்மா மூணு மாசம் வந்து குழந்தையக் குளிப்பாட்டிக் குடுக்கட்டும்” என்று போனில் அழுதாள். மகுடேஸ்வரன் கணக்காகச் சொல்லிவிட்டான்: “அம்மா சோமனூர் போகட்டும். அப்பா என் ஊட்டுல இருக்கட்டும். புதுக் கம்பெனி தொறக்கறேன், மொதல் பீஸ் அவருதான் தைக்கோணும், ராசியான கை.”

மூன்று மாதம் அக்காள் இல்லாமல் மச்சானா? மூன்று நாளில் தெரிந்துவிடும்.

“நீங்களும் சோமனூருக்கே போயிருங்க மச்சான்” என்று ரகசியமாகச் சொன்னேன். நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். “சம்பந்தி ஊட்டுல போயி மூணு மாசம் சோறு உண்கறதா? நல்லா இருக்குதா மாப்ளே?”

27-2-2024, செவ்வாய்

தாய்மாமன் என்ற முறையில் மகுடேஸ்வரன் வீட்டுக்குப் போய்ச் சபையில் பேசினேன். சபை என்றால் அவன், அவன் சம்சாரம், டிவி. காங்கேயத்தில் ஒரு சோசியர், எண்பது வயது, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார், இந்தச் சித்திரை தாண்டுகிற வரைக்கும் இந்தத் தம்பதியைப் பிரித்தால் தொழிலுக்கு ஆகாது என்று— 

“மாமா, அந்தச் சோசியர் பேர் என்னுங்க?”

எனக்குப் பேர் வரவில்லை. அவன் கைதட்டிச் சிரித்தான். “நீங்க சொன்னா பாதியத் தள்ளிப்போட்டு, மிச்சத்துலயும் பாதியத்தான் எடுத்துக்கோணும்னு அப்பாவே சொல்லுவாருங்க.”

நாற்பது வருஷமாகக் கதை சொல்லி என்ன கண்டேன்? வேண்டிய நேரத்தில் ஒன்று செல்லுபடியாகவில்லை.

1-3-2024, வெள்ளி

அக்காள் சோமனூர் போனாள். பஸ் ஏறும் முன் என்னைத் தனியே கூப்பிட்டாள். “சோத்து நேரத்துக்குப் போயிரு. எது எங்க இருக்குதுன்னு சொல்லு. மகுடேசன் ஊட்டுப் படி நாலு. காலையும் சாயங்காலமும் கண்ணுல சொட்டு மருந்து, நீயே உட்டுப் போடு. தெனம் நடக்கக் கூட்டிட்டுப் போ, நடக்காம இருந்தா அவருக்குத் தூக்கம் வராது.” அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பஸ் ஜன்னலைப் பிடித்தபடி மச்சானைப் பார்த்தே சொன்னாள். அவர் வேறு பக்கம் பார்த்து நின்றார். அவள் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

நான் அவர் தோளைப் பிடித்துத் திருப்பி விட்டேன். பஸ் போய்விட்டது.

3-3-2024, ஞாயிறு

மகுடேஸ்வரன் வீட்டில் மூன்று நாளாக எனக்கும் மத்தியானச் சாப்பாடு. “மாமனுக்கு நம்ம ஊட்டுச் சமையல் மேல திடீர்னு என்னுங்க இத்தன ஆசை?” என்று அவன் சம்சாரம் கேட்டாள். “உன் கைமணம் கண்ணு, மதுரை வரைக்கும் பேசிக்கறாங்க” என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை.

மச்சான் காதில் சொன்னேன்: “இடது பக்கம் கறி வறுவலுங்க.” அவர் எடுத்து வாயில் போட்டார். மென்றார்.

“மாப்ளே, இது கத்திரிக்கா.”

“பாக்கறதுக்குக் கறியாட்டவே இருந்துதுங்க மச்சான்.”

6-3-2024, புதன்

இன்று தப்பு நடந்துவிட்டது. பார்க்குக்கு நடக்கப் போனோம். “ரெண்டே படிங்க மச்சான், எறங்குங்க” என்றேன். மூன்று. விழவில்லை, என் சட்டையைப் பிடித்துக்கொண்டார், பொத்தான் அறுந்தது.

“மாப்ளே. நீ என்ன கதை வேணுமானாலும் சொல்லு, எனக்குப் பொழுது போகுது. எண்ணிக்கையில மட்டும் சோடிக்காதே.”

வீட்டுக்கு வந்து என் வீட்டம்மாவிடம், படி இரண்டு என்று எப்படி வாய் சொன்னது, கண்ணால் பார்த்துத்தானே சொன்னேன் என்றேன். “நீங்க எதைய எண்ணிப் பாத்துச் சொல்லியிருக்கறீங்க?” என்றாள்.

7-3-2024, வியாழன்

மகுடேஸ்வரன் வீடு: வாசற்படி நாலு. நடை ஒன்பது அடி. கைகழுவும் இடம் வலப்பக்கம் ஆறு அடி. பார்க் படி மூன்று, பிறகு ஒரு மேடு. எண்ணினேன். இரண்டு தடவை எண்ணினேன்.

14-3-2024, வியாழன்

தினமும் மத்தியானம் பன்னிரண்டரைக்கு அக்காள் போன். “உண்டீங்களா?” “உண்டாச்சு.” “குழந்தை?” “தூங்குது.” அப்புறம் இரண்டு பேரும் பேசுவதில்லை. போனை வைப்பதும் இல்லை. மச்சான் காதில் வைத்தபடியே உட்கார்ந்திருப்பார். அங்கே தறி ஓடுகிற சத்தம் எனக்கே கேட்கும்.

மருமகள் இதைப் பார்த்துவிட்டு, “லவ்வு போனுங்க மாமா” என்று கண்ணடித்தாள். நல்ல பிள்ளை. ஆனால் நேற்று அவளே கேட்டாள்: “மாமனாருக்குக் கை நடுங்குதாட்டிருக்குதுங்க, சோறெல்லாம் சிந்தறாரு.” நடுக்கம்தான் கண்ணு, எங்கள் ஊர்த் தண்ணி அப்படி என்றேன்.

எட்டு நாளாக மச்சானிடம் ஒரு பொய்கூட இல்லை. மற்றவர்களிடம் சேர்த்து வைத்துச் சொல்லிக்கொள்கிறேன்.

21-3-2024, வியாழன்

நாளை கம்பெனி திறப்பு. “ஓவர்லாக் எனக்குக் கண்ணே வேண்டாம் மாப்ளே, கை பாத்துக்கும். ஆனா கைமடி வேணும்” என்றார் மச்சான்.

“நான் எதுக்கு இருக்கறேனுங்க? அந்தக் காலத்துல கைமடியில என்னைய மிஞ்ச ஆளே—”

“சித்தெ நேரம் பேசாம இரு மாப்ளே.”

22-3-2024, வெள்ளி

ஒன்பதே காலுக்கு நல்ல நேரம். பத்து மிஷின், எல்லாவற்றிலும் மாலை. சாமி படத்துக்கு முன்னால் தட்டு. முதல் பீஸ் அதில் வைக்கவேண்டும். சொந்தக்காரர்கள், பக்கத்துக் கம்பெனிக்காரர்கள், வடக்கத்தி டெய்லர்கள் நாலு பேர் என்று ஐம்பது பேருக்கு மேல். (முப்பது.) அக்காள் வரவில்லை, குழந்தைக்குச் சளி.

மச்சான் மிஷினில் உட்கார்ந்தார். விரல்களால் ஒரு தடவை தடவினார், ஊசி, கத்தி, பாதம். பிறகு மிதித்தார். என்ன சொல்ல! எழுபத்தாறு வயது விரல். தோள் மூட்டு, கை, பக்கம் எல்லாம் தண்ணீர் ஓடுவது போலப் போயிற்று. நான் நின்று துண்டு துண்டாக எடுத்துக் கொடுத்தேன். கத்திக்குப் பக்கத்தில் கை போகவே பயம், வெளியே காட்டிக்கொள்ளவில்லை. தைத்து முடித்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். மகுடேஸ்வரன் டீசர்ட்டை எடுத்து உதறி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான்.

பிடித்தவன் அப்படியே நின்றான்.

முன்பக்கம் கருநீலம். பின்பக்கம் கருப்பு. மேஜையில் இரண்டு அடுக்கு இருந்தது, நான் இதிலிருந்து ஒன்று, அதிலிருந்து ஒன்று எடுத்துக் கொடுத்திருக்கிறேன். எனக்குக் கண்ணாடி தேவையே இல்லை, டியூப் லைட்தான் சரியில்லை.

“நான்தான் மாப்ளே தப்பாக் குடுத்துட்டேன்” என்றேன்.

“நீங்க குடுப்பீங்க மாமா. அப்பா எப்படித் தெச்சாரு?” மெதுவாகத்தான் கேட்டான். “ஒரே நீலத்துல ரெண்டு லாட்டுத் துணி கலந்தாலே எட்ட நின்னு கண்டுபிடிச்சு மூஞ்சியில வீசுவாரே.”

மச்சான் எழுந்திருக்க மேஜை விளிம்பைத் தேடினார். கை காற்றில் போய் வந்தது. மகுடேஸ்வரன் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“மாமா. அப்பாவுக்குக் கண்ணு…?”

அண்ணமார்சாமி மேல் சத்தியம். சொல்லக்கூடாது. அப்படியானால் ஒரு கதை சொல்லவேண்டும். வெயில், சர்க்கரை, டியூப் லைட், எதையாவது. நாற்பது வருஷம் கேட்காமலே கொட்டிய வாய். திறந்தேன். வரவில்லை. சத்தியமாக ஒரு வார்த்தை வரவில்லை. மூடிக்கொண்டேன்.

நான் பேசாமல் நின்றதைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அவன் அப்பாவின் கையைப் பிடித்து, அவரோடு சேர்ந்து அந்த டீசர்ட்டை மடித்தான். மடிக்கத் தெரியவில்லை, மச்சான்தான் மடித்தார். அப்படியே சாமி முன்னால் தட்டில் வைத்துக் கற்பூரம் காட்டினான். பக்கத்துக் கம்பெனிக்காரர் ஒருத்தர், “ரெண்டு கலரா, புது டிசைனுங்களா?” என்று கேட்டார்.

“ஆமாங்க” என்றான் மகுடேஸ்வரன். “ஒரு பீஸ்தானுங்க.”

23-3-2024, சனி

நேற்றுச் சாயங்காலமே மகுடேஸ்வரன் அப்பாவைக் காரில் உட்கார வைத்துச் சோமனூர் கூட்டிப்போனான். நானும் கூட. கருமத்தம்பட்டி தாண்டும்போது மச்சான், “சம்பந்தி ஊட்டுக்கு வெறுங்கையோட போகப்படாது, பழம் வாங்கு” என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. போய் இருக்கப் போகிறார்!

குழந்தைத் துணி பிழிந்துகொண்டிருந்த அக்காளுக்குக் காரைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. முதலில் என்னிடம்தான் வந்தாள். “நீ சொன்னியாடா?”

“அம்மா, மாமா வாயே தொறக்கலீங்க” என்றான் மகுடேஸ்வரன். “ரெண்டு வருசமா என்கிட்ட… நான் மூலையிலயா உக்கார வெப்பேன்?”

“வெப்பே கண்ணு” என்றார் மச்சான். “தலகாணியெல்லாம் வெச்சு நல்லாத்தான் வெப்பே.” 

அவன் அழுதுகொண்டே சிரித்தான். கோகிலவாணி அவள் பங்குக்கு, கருப்புக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஆளை நம்பி அப்பாவை விட்டோமே என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். வாங்கிக்கொண்டேன்.

படுத்த படுக்கையாக இருந்த சம்பந்தியம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: “அண்ணா வந்திருக்கறாங்களா? நடையில நிக்க வெச்சுப் பேசறீங்க? பெட்டியை உள்ள கொண்டு வாங்க. ஆளு இல்லாத ஊடாட்டக் கெடக்குது, வந்து இருக்கட்டும்.”

8-4-2024, திங்கள்

கண்ணாஸ்பத்திரிக்கு மகன், மகள், நான், அக்காள், மச்சான், ஐந்து பேர் போனோம். டாக்டர் அதையேதான் சொன்னார். போனது போனதுதான். இருப்பது இருக்கும், சொட்டு மருந்தை விடாமல் விட்டால். இதுவரை யார் மருந்து விட்டது, ஒரு நாள்கூடத் தவறவில்லையே என்று கேட்டார். அக்காள் கையைத் தூக்கவில்லை. (நடுவில் மூன்று வாரம் விட்ட நானும் தூக்கவில்லை.) மச்சான் அவள் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார், பள்ளிக்கூடத்தில் போல.

12-5-2024, ஞாயிறு

சோமனூர் போயிருந்தேன். தறிச் சத்தத்தில் காது அடைத்துவிட்டது. வாசல் நிழலில் தொட்டில். மச்சான் நாற்காலியில் உட்கார்ந்து கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கிறார். அக்காள் அவருக்கு இடது பக்கம் பாயில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவுகிறாள். சம்பந்தியம்மா வாக்கரைப் பிடித்து நடை வரைக்கும் வருகிறார். மூன்று மாதம் முடியப் போகிறது. அவர்தான், “ஆடி கழிச்சுப் போனாப் போதுமுங்க அண்ணா” என்று வழிமறிக்கிறார். மகுடேஸ்வரன் வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை துணிக்கட்டோடு வந்து அப்பா விரலில் கொடுத்து, இது எந்தத் துணி, என்ன கனம் என்று கேட்டுக்கொண்டு போகிறானாம். விரல் சொன்னால் தப்பாது என்கிறான்.

“மருதா, புள்ள என்ன பண்றா?” என்றார் மச்சான்.

“உங்களையேதான் பாக்கறா. கண்ணை அகலமா முழிச்சுட்டு. பாருங்க, பாருங்க, சிரிக்கறா. கன்னத்துல குழி உழுகுது. அப்படியே உங்க ஜாடைங்க.”

எட்டிப் பார்த்தேன். குழந்தை வாயைத் திறந்துகொண்டு நல்ல தூக்கம். குழியும் இல்லை ஒன்றும் இல்லை. ஜாடை என்று பார்த்தால் மாப்பிள்ளை வீட்டு மூக்கு.

நிமிர்ந்து அக்காளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். கை மட்டும் கீரையை உருவிக்கொண்டே இருந்தது.

மச்சான் முகம் தொட்டில் பக்கம் திரும்பியிருந்தது. “நெசமாவா மாப்ளே?”

“ஆமாங் மச்சான்” என்றேன். “ரெண்டு கன்னத்துலயும் குழி.”